நாயும் பூனையும் இருக்கும் வீட்டுக்கு எந்த மாதிரி வயர் இல்லாத வாக்யூம் கிளீனர் வாங்கலாம்?

தேவகோட்டையில் பழைய வீடு, தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், ஒரு நாய், இரண்டு பூனைகள்; எத்தனை பாஸ்கல் இழுவை இருந்தால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளத்தூரில் எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே கூட்டம்தான். மகன் வாங்கி, வேலைக்குப் போகும்போது எங்களிடமே விட்டுவிட்டுப் போன பொன்னி என்கிற லாப்ரடார் ஒன்று. யாரையும் கேட்காமல், உள்முற்றமான வளவில் குடியேறிவிட்ட பூனைகள் இரண்டு. முதலில் ஒன்றைத் தவறாக வாங்கி, பிறகு சரியாக வாங்கியவள் என்பதால் சொல்கிறேன்: பாஸ்கலை விடுங்கள், தரையைத் தொடுகிற தலைப்பகுதியைப் பாருங்கள்.

என் முதல் இயந்திரத்தின் பெட்டியிலும் பாஸ்கல் கணக்கைத்தான் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். குழாயின் வாயை முழுக்க அடைத்து வைத்து அளக்கும் எண் அது. முடியைத் தூக்கிக்கொண்டு போவதோ ஓடுகிற காற்று. இழுவை, காற்றோட்டம் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு ஏர் வாட் என்று பெயர். அதைப் போட்டிருந்தால் ஒப்பிடலாம். பல பெட்டிகளில் போடுவதில்லை.

எனக்கு வந்த பெரிய தொல்லை பிரஷ்ஷால். விறைப்பான நைலான் முள் வைத்த உருளை கம்பளத்துக்காகச் செய்தது. நம் வீடுகளில் கம்பளம் எங்கே இருக்கிறது? பட்டாலையில், அதாவது கூடத்தில், அதை ஓட்டினால் கிடந்த முடியில் பாதி உள்ளே போகும். மீதி பின்பக்கமாகத் தெறித்து வந்து என் கணுக்காலில் ஒட்டும். வேலைக்கு வருகிற அம்மாள் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆச்சி, நீங்கள் ஓட்டி முடித்த பிறகு நான் விளக்குமாறு எடுக்க வேண்டியிருக்கிறது. நான் முதலிலேயே எடுத்துவிடுகிறேனே" என்றார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

வழவழப்பான தரைக்கு வேண்டியது மெத்தென்ற துணி சுற்றிய உருளை. தரையோடு ஒட்டியே உருள்வதால் முடி தெறிக்காது. ஆத்தங்குடிக் கல்லுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கண்ணாடித் தகட்டின் மேல் சாயமும் சிமெண்டும் மணலும் இட்டுக் கையால் வார்ப்பது. சூளை கண்டதில்லை, மேலே மெருகுப் பூச்சும் இல்லை. சக்கரத்தில் ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டால் கல்லில் இருக்கும் பூ வேலைப்பாட்டின் மேல் கோடு விழுந்துவிடும். தலைப்பகுதியைத் திருப்பி, சக்கரத்தில் ரப்பரோ துணியோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உருளையைத் திருப்புளி இல்லாமல் கையாலேயே கழற்ற முடிகிறதா என்பதையும் பாருங்கள். முடி நடுவில் சுற்றினால் பிய்த்துவிடலாம். இரண்டு ஓரத்திலும் அச்சுக்குள் புகுந்து இறுகிவிட்டால் கத்தரிக்கோலோடு உட்கார வேண்டியதுதான். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஊஞ்சல் மெத்தை, சோபா, கார் இருக்கை இவற்றுக்கு உள்ளங்கை அகலத்தில் தனியாக ஒரு சின்னத் தலை தருவார்கள். அதற்குள் சொந்தமாக மோட்டார் இருக்க வேண்டும். வெறும் பிரஷ்ஷாக இருந்தால் துணியில் குத்தி நிற்கும் நாய் முடி அசையாது.

பேட்டரி விஷயத்தில் '60 நிமிடம்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். மிகக் குறைந்த வேகத்தில், பெரும்பாலும் மோட்டார் தலையை மாட்டாமல், ஓட்டிப் பார்த்த கணக்கு அது. நீங்களே போட்டுப் பார்க்கலாம்: 25.2 வோல்ட், 2.5 ஆம்பியர் மணி என்றால் 63 வாட் மணி. 120 வாட் இழுக்கும் வேகத்தில் அரை மணி நேரம் வரும். உச்ச வேகத்தில் 400 வாட் இழுத்தால் பத்து நிமிடம்கூட வராது. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை ஒரே சார்ஜில் முடிக்கும் ஆசையை நான் விட்டுவிட்டேன். இன்று பட்டாலை, நாளை வளவைச் சுற்றிய தாழ்வாரம் என்று முறை வைத்துக்கொண்டேன். பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி இருப்பதையே வாங்குங்கள். லித்தியம் பேட்டரி சில வருடங்களில் தளர்ந்துதான் போகும். அதற்காக இயந்திரத்தையே தூக்கிப் போடக் கூடாது. பழுது என்றால் காரைக்குடியிலேயே பார்ப்பார்களா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

பூனை இருப்பதால் வடிகட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூனை ஒவ்வாமைக்குக் காரணம் முடி என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம். நக்கி நக்கி உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது, காய்ந்ததும் மிக நுண்ணிய தூளாகப் பறக்கிறது. வீட்டில் யாருக்காவது தும்மலோ இழுப்போ இருந்தால் ஹெப்பா வடிகட்டி அவசியம், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது. ஆனால் இயந்திரத்தின் உடம்பில் வேறு இடுக்கு வழியாகக் காற்று கசிந்தால் அந்த வடிகட்டியால் பயனில்லை. கழுவினால் நிழலில் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். ஐப்பசி மழையில் அரைகுறையாகக் காய்ந்ததை மாட்டிவிட்டு, வீடு முழுக்க நனைந்த நாய் வாடையோடு இரண்டு நாள் இருந்தோம். கோல மாவை இதில் உறிஞ்சாதீர்கள், வடிகட்டி நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். முற்றத்து ஈரத்தின் பக்கமும் போக வேண்டாம்.

யாரும் விளம்பரத்தில் சொல்லாத ஒரு பயன்: உண்ணி. நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, வீட்டுக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகக்கூடியது. இரத்தம் குடித்ததும் நாயை விட்டு இறங்கிச் சுவர் விரிசலிலும் நிலைக்கதவு இடுக்கிலும் பதுங்கும். நம் பழைய வீடுகளில் இடுக்குக்கா பஞ்சம்? ஒல்லியான இடுக்கு மூக்கை மாட்டி வாரம் இரண்டு முறை ஓட்டுகிறேன். முடித்த கையோடு தூசிக் கலனைப் பையில் கொட்டி இறுகக் கட்டிவிடுவேன், இல்லாவிட்டால் ஊர்ந்து வெளியே வந்துவிடும். நாய்க்கு மருந்து கால்நடை மருத்துவரிடம்தான். இது அதற்கு மாற்று இல்லை.

எடையைக் கையில் தூக்கிப் பார்த்தே தீர்மானியுங்கள். மோட்டார் கைப்பிடிப் பக்கம் இருப்பதால் இரண்டரைக் கிலோவே பத்தாவது நிமிடத்தில் மணிக்கட்டில் தெரியும்.

இரண்டாவது முறை கடைக்குப் போனபோது பொன்னியைச் சீவிய முடியை ஒரு பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போனேன். கடைத் தம்பி வழக்கம்போலத் தரையில் பொரியைக் கொட்டி உறிஞ்சிக் காட்டினார். பொரியை எதுதான் உறிஞ்சாது? பொட்டலத்தைப் பிரித்து உதறி, "இதில் ஓட்டிக் காட்டுங்கள் தம்பி" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான்கு இயந்திரங்களை ஓட்டினார். பாஸ்கல் எண் அதிகமாக இருந்தது முடியைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனது. துணி உருளை வைத்த மூன்றாவது, ஒரே இழுப்பில் மொத்தத்தையும் எடுத்துவிட்டது. நான்கில் விலை குறைந்ததும் அதுதான்.