கடைசி இரண்டு தோட்டாக்கள் மட்டும் சிக்கினால்

உங்கள் 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் கடைசி இரண்டு தோட்டாக்கள் மட்டும் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நிற்கின்றன என்கிறீர்கள். என் முதல் சந்தேகம், தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினின் ஸ்பிரிங் மேல்தான். தோட்டா குறையக் குறைய ஸ்பிரிங் விரிந்து விசை தளரும். நைந்துபோனது என்றால், சுட்டதும் பின்னே போன ஸ்லைடு (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) திரும்பி வருவதற்குள் தோட்டாவை மேலே தூக்காது.

மேகசின்களுக்கு எண்ணிட்டு ஒவ்வொன்றாகச் சுட்டுப் பாருங்கள். ஒரே எண்ணில் சிக்கினால் துப்பாக்கியைச் சந்தேகிக்க வேண்டாம். ஸ்பிரிங்கை மாற்றுங்கள். காலி மேகசினின் உதடுகளை, அதாவது தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல்விளிம்புகளை, விரலால் தடவுங்கள்; வளைந்திருந்தால் மேகசினையே மாற்றுங்கள்.

எல்லாவற்றிலும் சிக்கினால், தோட்டா ஏறும் சரிவில் படிந்த கரியைத் துடையுங்கள். அரம் வைத்துத் தேய்க்க மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். போன உலோகம் திரும்பாது.

கழற்றும் முன் மேகசினை எடுத்துவிட்டு, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.