துணைக்குக் காதல் கடிதம் எழுத உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. மனதைத் தொடுகிற மாதிரி எழுதுவது எப்படி?

எனக்கும் வரவில்லை. அதனால் முதல் கடிதத்தை இணையத்தில் திருடினேன்.

கல்யாணமான இரண்டாவது வருடம், மனைவியின் பிறந்தநாளுக்கு. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடிதத்தின் தமிழாக்கம் அது. அங்கங்கே அவள் பெயரைச் செருகி, நல்ல தாளில் முத்து முத்தாகப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தவள் பாதியில் நிமிர்ந்து, "என் கண்ணு எப்பங்க நீலமாச்சு?" என்றாள். ‘ஆழ்கடல் போன்ற உன் நீல விழிகள்’ என்று ஒரு வரி இருந்திருக்கிறது. என் கையால்தான் எழுதியிருக்கிறேன், கவனிக்கவே இல்லை.

அன்றைக்குச் சிரித்துத் தீர்த்தோம். ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. அவள் கண்ணை மனதில் வைத்து எழுதியிருந்தால் அந்த வரியை எப்படித் தாண்டிப் போயிருப்பேன்?

ஆகவே என் பதில் இதுதான்: எழுத்து வராதது பெரிய குறை இல்லை. சரக்கு சேர்க்காமல் பேனாவை எடுப்பதுதான் குறை. ஒரு வாரம் எதுவும் எழுதாதீர்கள். அவரைச் சும்மா கவனியுங்கள், கண்ணில் பட்டதை செல்போனில் குறித்து வையுங்கள். ‘நல்ல மனசு’, ‘அழகான சிரிப்பு’ என்றெல்லாம் குறிக்காதீர்கள், அது ஊரில் யாருக்கும் பொருந்தும். என் மனைவி போனில் பேசும்போது கையில் கிடைக்கிற காகிதத்தில் கட்டம் போடுவாள். கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொன்று. பேச்சு சுவாரசியமாகப் போனால் உள்ளே நிழலும் தீட்டுவாள். அப்படிக் கட்டம் போட்ட மின்சார பில் ஒன்றை நான் பல மாதங்களாக எறியாமல் வைத்திருந்தேன். என் இரண்டாவது கடிதம் அந்த பில்லைப் பற்றியதுதான். மொத்தம் ஒன்றரைப் பக்கம். ‘காதல்’ என்ற சொல் அதில் எங்குமே வரவில்லை என்பது கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

இயற்பியல் மேதை ரிச்சர்ட் ஃபெயின்மனின் மனைவி ஆர்லீன் 1945 ஜூனில் காசநோயால் இறந்துபோனார். பதினாறு மாதம் கழித்து, 1946 அக்டோபரில், ஃபெயின்மன் அவருக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்தார். 1988இல் அவரும் போன பிறகுதான் அதைப் பிரித்தார்கள். அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம், இருவரும் சேர்ந்து செய்ய நினைத்த சில்லறைத் திட்டங்களை அவர் சொல்லும் இடம். துணி தைக்கப் பழகுவது, சீன மொழி கற்பது, ஒரு சினிமா புரொஜெக்டர் வாங்குவது. கடைசியில் பின்குறிப்பாக, இதைத் தபாலில் போடாததற்கு மன்னிப்புக் கேட்கிறார். புது முகவரி தெரியவில்லையாம். புரொஜெக்டர் வரைக்கும் தாங்கிய எனக்கு அந்தப் பின்குறிப்பில் தொண்டை அடைத்துவிட்டது.

அடுத்த சிக்கல், எந்தத் தமிழில் எழுதுவது என்பது. நம்மில் பலர் தடுமாறுவது இங்கேதான். வீட்டில் இயல்பாகப் பேசுகிறவருக்குக்கூட, பேனாவைத் தொட்டதும் உள்ளே ஒரு மேடைப் பேச்சாளர் புகுந்துவிடுகிறார். ‘நீயின்றி என் வாழ்வு ஏது’ என்று யாராவது வீட்டுக்குள் பேசுவார்களா? எழுதியதைத் தனியாக உட்கார்ந்து, வழக்கமாகப் பேசுகிற குரலில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்த வரியில் உங்களுக்கே சிரிப்பு வருகிறதோ அதை அடித்துவிடுங்கள். முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதினாலும் தப்பில்லை. நான் விவரிப்பதை எழுத்துத் தமிழிலும், அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியேயும் எழுதுவேன். ‘சரி சரி, அப்புறம் பாக்கலாம்’ என்று அவள் சொல்வதை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று மாற்றினால் அது அவள் இல்லை.

விளிப்பதும் அப்படியே. தினமும் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்களோ அதையே மேலே எழுதுங்கள், ‘ஏய்’ என்றால் ‘ஏய்’தான். ‘நீங்க’ என்று பேசுகிறவர்கள் கடிதத்துக்காகத் திடீரென்று ‘நீ’க்குத் தாவ வேண்டாம். ‘நீங்க’வில் இருக்கிற நெருக்கமே தனி.

மன்னிப்புக் கடிதத்தையும் இதையும் கலக்காதீர்கள். ‘இனிமேல் கோபப்பட மாட்டேன்’ மாதிரி வாக்குறுதிகள் வேண்டவே வேண்டாம், அடுத்த சண்டையில் அதே தாள் சாட்சிக்கு வரும். கேட்டால் எழுதிக் கொடுக்கிற செயலிகள் இப்போது இருக்கின்றன. எழுத்துப்பிழை பார்க்கக் கொடுங்கள், எழுதக் கொடுத்தால் கண் மறுபடியும் நீலமாகிவிடும்.

கையால் எழுதுங்கள், கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. தேதி போடும்போது வருடத்தையும் சேர்த்துப் போடுங்கள். இசைமேதை பீத்தோவன் பென்சிலால் பத்துப் பக்கம் எழுதிய காதல் கடிதம் ஒன்று, 1827இல் அவர் இறந்த பிறகு அவருடைய பொருட்களுக்கு நடுவே கிடைத்தது. ஜூலை 6, 7 என்று இருக்கிறது, வருடம் இல்லை, அந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. 1812 என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள், ஆனால் அந்தப் பெண் யார் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. உங்கள் கடிதத்தை யாரும் ஆராயப் போவதில்லைதான். ஆனாலும் இருபது வருடம் கழித்து அலமாரியில் அகப்பட்டால், ‘இது எப்ப எழுதினது?’ என்று இரண்டு பேரும் முழிக்க வேண்டாம் பாருங்கள்.

ஒரே வீட்டில் இருப்பவருக்குக் கடிதமா என்று கூச்சமாக இருக்கிறதா? 1820இல் கவிஞர் கீட்ஸ் நோயில் படுத்திருந்தபோது, அவர் காதலி ஃபேனி பிரான் அதே கட்டடத்தின் மறுபாதியில்தான் குடியிருந்தார். அப்படியும் கீட்ஸ் அவருக்குச் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருந்தார்.

கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்காதீர்கள். படிக்கிறவருக்கு அது பரீட்சை மாதிரி ஆகிவிடும். நான் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் எதுவும் சொல்லவில்லை, கடிதமும் மேசையில் இல்லை. மறுநாள் போன் வந்தது. பேசிக்கொண்டே பேனாவை எடுத்தாள், நான் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று கீழே வைத்தாள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கையில் பேனா, காகிதத்தில் கட்டம்.