வாக்குரிமையைப் போரா கொடுத்தது?

கேள்வி: உலகப் போர்கள் எத்தனை உயிரைக் குடித்திருந்தாலும், பெண்களை அடுப்படியிலிருந்து வெளியே கொண்டுவந்து வாக்குரிமை வாங்கிக் கொடுத்தவை அவைதானே? பென்சிலினும் போரால்தானே கிடைத்தது? இந்த நன்மையை ஏன் யாரும் ஒப்புக்கொள்வதில்லை?
– வாசகர், கரூர்

பதில்: ஒப்புக்கொள்ளாதவர்கள்தான் குறைவு. மகளிர் தின மேடைகளில் வருடா வருடம் கேட்கும் வாதம்தான் இது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிற்காது. எல்லோரும் உதாரணம் காட்டும் பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், அங்கே உழைக்கும் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் முடங்கிக் கிடக்கவில்லை. லங்காஷயர் பஞ்சாலைகளிலும் பணக்காரர் வீடுகளிலும் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் உலகப் போரின்போது, 1915இல் பீரங்கிக் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆயுதத் தொழிற்சாலைகள் அவர்களை இழுத்துக்கொண்டன. போர் முடியும்போது அங்கே ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள்.

அந்த வேலை எப்படிப்பட்டது? குண்டுக்குள் நிரப்பும் டி.என்.டி. என்ற வெடிமருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். கையும் முகமும் முடியும் மஞ்சளாகிவிடும். கேனரி என்ற மஞ்சள் குருவியை வைத்து, 'கேனரிப் பெண்கள்' என்று ஊர் பேர் வைத்தது. தோலில் ஏறியது வெறும் சாயம். ஆபத்து அதற்கு அடியில் இருந்தது. கல்லீரல் கெட்டு வரும் உண்மையான காமாலையை அந்தச் சாயமே மறைத்துவிடும். கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளிக்கிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும். 1916 முதல் 1918 வரை சுமார் 400 பேருக்கு இந்தக் காமாலை பதிவானது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். பால் குடித்தால் விஷம் முறியும் என்று நம்பி, லீட்ஸ் அருகே பார்ன்போ தொழிற்சாலை தனக்கென்று மாட்டுப் பண்ணையே வைத்திருந்தது. பாலால் இது நிற்காது. காற்றோட்டம், கை கால் கழுவ வசதி, ஒரே ஆளைத் தொடர்ந்து டி.என்.டி.யில் வைக்காமல் வேலை மாற்றுவது, மருத்துவர் பரிசோதனை: இவை வந்த பிறகுதான் 1918இல் நோய் குறைந்தது. வராமல் இருந்த காலத்தில் செத்தவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதே பார்ன்போவில் 1916 டிசம்பர் 5 இரவு ஷிப்ட் தொடங்கிய சற்று நேரத்தில், நிரப்பிய குண்டுகளுக்கு ஃபியூஸ் பொருத்தும் அறை வெடித்து 35 பெண்கள் இறந்தார்கள். சிலரை அடையாள வில்லையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. தணிக்கையால் செய்தி வெளியே வரவில்லை. போர் முடிந்து ஆறு ஆண்டு கழித்து, 1924இல்தான் மக்களுக்குத் தெரிந்தது.

இவர்களுக்குத்தான் வாக்குரிமை கிடைத்தது என்கிறீர்கள். கிடைக்கவில்லை. 1918 சட்டம் 30 வயது நிரம்பி, சொத்துத் தகுதியும் உள்ள பெண்களுக்கு மட்டும் வாக்கு தந்தது. அப்படி வாக்காளரானவர்கள் சுமார் 84 லட்சம் பேர். குண்டு நிரப்பியவர்களில் பெரும்பாலோர் முப்பதைத் தொடாத இளம்பெண்கள். அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை. ஆணுக்கு 21 போதும், போர்முனைக்குப் போனவருக்கு 19 போதும். பெண் வாக்காளர்கள் பெரும்பான்மையாகிவிடக் கூடாது என்பதற்காகவே 30 என்று வைத்தார்கள். அந்தச் சட்டம் எழுந்த காரணத்தையும் பாருங்கள்: வாக்காளர் குறிப்பிட்ட காலம் ஒரே இடத்தில் குடியிருந்திருக்க வேண்டும் என்ற விதியால், வெளிநாட்டில் சண்டையிடும் வீரர்களின் வாக்கு போய்விடும் என்ற கவலைதான் அதைத் தொடங்கி வைத்தது. அந்தக் கதவு திறந்தபோது பெண்களுக்கான பிரிவும் உள்ளே நுழைய முடிந்தது என்றால், பல பத்தாண்டுகள் வாசலில் நின்று போராடியவர்கள் இருந்ததால்தான். ஆணுக்குச் சமமான வாக்கு 1928இல் வந்தது. அப்போது எந்தப் போரும் நடக்கவில்லை.

போர்தான் காரணமென்றால் பிரான்ஸுக்கு என்ன பதில்? அங்கேயும் பெண்கள் ஆயுத ஆலைகளில் உழைத்தார்கள். ஆனாலும் 1922இல் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் அவர்கள் வாக்குரிமையை நிராகரித்தது. 1944 வரை காத்திருந்தார்கள். நியூசிலாந்துப் பெண்களோ 1893இலேயே, பின்லாந்துப் பெண்கள் 1906இலேயே வாங்கிவிட்டார்கள். நம் சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு வாக்கு வந்தது. 1917 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசின் இந்தியத் துறை அமைச்சர் மாண்டேகுவை நேரில் சந்தித்து அதைக் கேட்ட பெண்கள் இருந்தார்கள்.

பென்சிலின் பற்றி இரண்டு வரி. பென்சிலின் தரும் பூஞ்சையை விஞ்ஞானி ஃபிளெமிங் கண்டது 1928இல். ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின் என்ற விஞ்ஞானிகள் அதைக் கையிலெடுத்ததும் போருக்கு முன்பே. போர் கொடுத்தது பணமும் ஆலைகளும் அவசரமும். அந்தப் பணத்தைச் சமாதான காலத்தில் யாரும் தரவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. அதைப் போரின் பெருமையாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

மறுபடி பிரிட்டனுக்கு வருவோம். அந்தப் பெண்களுக்கு ஆலை வேலையாவது நிலைத்ததா? இயந்திரத்தில் உலோகத்தைக் கடையும் தேர்ந்த கடைசல்காரர் ஒருவரின் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு துண்டு என்று பெண்களிடம் கொடுத்திருந்தார்கள். அதனால் 'முழு வேலை தெரியாதவர்கள்' என்று கூலியைக் குறைக்கவும் முடிந்தது, பிறகு வெளியே அனுப்பவும் முடிந்தது. போருக்கு முந்தைய நடைமுறையை மீட்க, அதாவது அந்த வேலைகளை ஆண்களுக்கே திருப்பித் தர, 1919இல் சட்டமே போட்டார்கள். வேலையிழந்த பெண் வீட்டு வேலைக்குப் போக மறுத்தால் உதவித்தொகை நின்றது. கல்யாணமானால் அரசு வேலையை விட வேண்டும் என்ற விதி இரண்டாம் உலகப் போரையும் தாண்டி 1946 வரை இருந்தது. வெளியுறவுத் துறையில் 1973 வரை.