தலைமையகத்தை விற்கும் மின் நிறுவனம்: பங்குதாரர் கைக்கு எவ்வளவு வரும்?

கேள்வி: அமெரிக்க மின்விநியோக நிறுவனம் ஒன்றில் 500 பங்குகள் வைத்திருக்கிறேன். தன் தலைமையகத்தை 300 மில்லியன் டாலருக்கு ஒரு சொத்து நிறுவனத்திடம் விற்கப்போவதாக அது அறிவித்துள்ளது. சிறப்பு ஈவுத்தொகை வரும் என்கிறார்கள் நண்பர்கள். இன்னும் 500 பங்கு வாங்கலாமா?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அந்த ஈவுத்தொகையை நம்பி வாங்காதீர்கள். கட்டணத்தை அரசு ஆணையம் நிர்ணயிக்கும் நிறுவனத்தில், தலைமையகக் கட்டடத்தின் தேய்மானத்தையும் முதலீட்டுக்கான வருவாயையும் மின்கட்டணம் வழியாகச் செலுத்தி வந்தவர்கள் வாடிக்கையாளர்கள். அதனால் விற்பனை லாபத்தில் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் முதல் உரிமை.

கலிஃபோர்னியாவின் பொது விதி, கட்டடத்தின் லாபம் முழுவதையும் வாடிக்கையாளருக்கே கொடுக்கிறது. நிலத்தின் லாபத்தில் 67 விழுக்காடு அவர்களுக்கு, 33 விழுக்காடு பங்குதாரருக்கு. பெரிய விற்பனைகளை ஆணையம் தனியாகப் பரிசீலிக்கும். அங்குள்ள மின், எரிவாயு நிறுவனமான பிஜி அண்டு இ தன் சான் ஃபிரான்சிஸ்கோ தலைமையகத்தை 2021இல் ஹைன்ஸ் என்ற சொத்து நிறுவனத்துக்கு 800 மில்லியன் டாலருக்கு விற்றது. நிகர லாபம் 5 ஆண்டுகளில் கட்டணக் குறைப்பாக வாடிக்கையாளரிடம் சேரும்படி ஏற்பாடு. காட்டுத்தீ இழப்பீடு எவ்வளவு ஆகும் என்று தெரியாததால் 2017 இறுதியில் நிறுத்திய ஈவுத்தொகையை அந்தப் பணம் திரும்பக் கொண்டுவரவில்லை. 2023 நவம்பரில்தான் அறிவித்தார்கள், அதுவும் பங்குக்கு 1 சென்ட்.

உங்கள் நிறுவனத் தலைமையகத்தின் கணக்கேட்டு மதிப்பு (தேய்மானம் போக கணக்கில் மீதமுள்ள தொகை) 120 மில்லியன் டாலர், நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் 200 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 180 மில்லியன். மூன்றில் ஒரு பங்கு பங்குதாரருக்கு என்றால் 60 மில்லியன், பங்குக்கு 30 சென்ட். அதை அப்படியே பிரித்துக் கொடுத்தாலும் உங்கள் 500 பங்குக்கு 150 டாலர். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி உடன்பாடு இல்லாததால் 30 விழுக்காடு அமெரிக்க வரிப் பிடித்தம் போக 105 டாலர்தான் கணக்கில் ஏறும். ஈவுத்தொகை பிரிந்த அன்று பங்கு விலையும் ஏறத்தாழ அந்த 30 சென்ட் இறங்கும். இங்கே மூலதன ஆதாயத்துக்கு வரி இல்லை. ஆக, விலையேற்றத்தில் முழுதாகக் கிடைக்கக்கூடிய பணத்தை ஈவுத்தொகையாக வாங்கி 45 டாலரை இழப்பீர்கள். புதிதாக வாங்கும் 500 பங்குக்கும் இதே கதிதான்.

பலர் கவனிக்காத இன்னொன்று, கட்டடம் போனதும் 120 மில்லியன் கட்டண அடிப்படையிலிருந்து, அதாவது லாபம் ஈட்ட ஆணையம் அனுமதிக்கும் முதலீட்டுத் தொகையிலிருந்து, நீங்கிவிடும். அந்த 120 மில்லியனில் பாதி பங்குதாரர்களின் மூலதனம், அதற்கு ஆணையம் அனுமதித்த வருவாய் 10 விழுக்காடு என்றால், ஆண்டுக்கு 6 மில்லியன் லாபம் குறையும். புதிய அலுவலகத்துக்கு வாடகை கொடுத்தால் அது செலவாக மட்டுமே வசூலாகும், லாபம் சேராது. விற்ற பணம் மின்கம்பி, துணைமின் நிலையம் போன்றவற்றில் மீண்டும் போனால் அந்த அடிப்படை திரும்ப வளரும். புதுப் பங்கு வெளியிடாமல் அந்தச் செலவைச் சமாளித்தால் இன்னும் நல்லது, உங்கள் பங்கின் மதிப்பு நீர்த்துப் போகாது. இந்த விற்பனையில் உங்களுக்குள்ள உண்மையான நன்மை அதுவே.

எனவே நாளிதழ்ச் செய்தியோடு நிற்காமல், ஆணையத்திடம் நிறுவனம் கொடுத்த விண்ணப்பத்தைத் தேடிப் படியுங்கள். கணக்கேட்டு மதிப்பு, லாபப் பங்கீடு, ஒப்புதல் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகுமா என்ற மூன்றும் அதில் இருக்கும். விற்ற பணம் எங்கே போகிறது என்பதைக் காலாண்டு அறிக்கையின் மூலதனச் செலவுத் திட்டத்தில் பாருங்கள். இருக்கும் 500 பங்கை இந்தச் செய்திக்காக விற்கவும் வேண்டியதில்லை. அமெரிக்கர் அல்லாதவர் என்று உறுதிசெய்ய உங்கள் தரகரிடம் கொடுத்த டபிள்யூ-8பென் வரிப் படிவம் காலாவதி ஆகிவிட்டதா என்று மட்டும் இந்த வாரமே பாருங்கள். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்றாவது ஆண்டின் கடைசி நாள் வரைதான் அது செல்லும்.