இரைப்பையில் 'மெட்டாபிளாசியா': ஜீன் டெஸ்டுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. தென்காசி பக்கம் பள்ளி ஆசிரியை. ஆறு மாதமாகச் சாப்பிட்டதும் வயிறு கனமாக இருந்ததால் எண்டோஸ்கோப்பி செய்து, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 'இன்டெஸ்டைனல் மெட்டாபிளாசியா, எச். பைலோரி பாசிட்டிவ், டிஸ்பிளாசியா இல்லை' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. என் பெரியப்பா 70 வயதில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். ரிப்போர்ட் வாங்கிய மறுநாளே ஒருவர் போன் செய்து, "ரத்தத்தில் ஜீன் டெஸ்ட் எடுத்தால் இது கேன்சராக மாறுமா என்று தெரிந்துவிடும். 32,000 ரூபாய். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார். நகையை அடகு வைத்தாவது எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர்கள் உட்காரவைத்து மூன்று நிமிடம் விளக்கியிருந்தால், அந்தப் போன்காரருக்கு உங்களிடம் வேலையே இருந்திருக்காது. உங்கள் நம்பரும் நோயின் பெயரும் ஒரே நாளில் அவர் கைக்கு எப்படிப் போயின என்று பரிசோதனைக் கூடத்தில் போய்க் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உங்கள் இரைப்பையில் நடந்திருப்பது இதுதான். எச். பைலோரி என்ற கிருமி பல ஆண்டுகளாக உள்தோலைப் புண்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பட்டுப்பட்டுத் தேய்ந்த இடத்தில், இரைப்பைக்குரிய செல்களுக்குப் பதிலாகக் குடலில் இருக்கும் செல்கள் முளைத்துவிட்டன. சிடிஎக்ஸ்2 என்று ஒரு மரபணு உண்டு. குடலில் வேலை செய்யும். இரைப்பையில் தூங்க வேண்டும். அது இங்கே விழித்துக்கொண்டது. நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்தது, சளி நிரம்பிய கிண்ணம் போன்ற குடல் செல்களை. அதைத்தான் மெட்டாபிளாசியா என்று எழுதியிருக்கிறார். இது புற்றுநோய் அல்ல.

அடுத்த படி டிஸ்பிளாசியா, அதாவது செல்லின் வடிவமும் அடுக்கும் கெடுவது. அதையும் தாண்டினால்தான் புற்று. வழியில் மரபணுக்கள் ஒவ்வொன்றாகக் கெடுகின்றன: சிலவற்றுக்குப் பூட்டு விழுகிறது, டிபி53 என்ற காவல் மரபணு பழுதாகிறது, குரோமோசோம்கள் கூடிக் குறைகின்றன. சிங்கப்பூரில் உங்களைப் போன்றவர்களின் இரைப்பைத் திசுவை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். மெட்டாபிளாசியாவில் மரபணுப் பழுதுகள் புற்றுநோயில் இருப்பதைவிட மிகக் குறைவு. பழுது கூடியிருந்த சிலருக்கே ஆபத்து அதிகம். அவர்கள் பார்த்தது இரைப்பைச் சதையை. இந்த மாற்றங்கள் பிறவியில் வந்தவை அல்ல, இரைப்பையின் அந்தத் திட்டில் மட்டும் பின்னால் உண்டானவை. முழங்கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில், நீங்கள் பிறக்கும்போதே கொண்டுவந்த மரபணுவைத்தான் படிப்பார்கள். அந்தத் திட்டு என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. போன வருடம் ஒரு அம்மா அறுபது பக்க ஜீன் ரிப்போர்ட்டைப் பையில் சுமந்துகொண்டு வந்தார். முடி உதிருமா, காபி ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் அதில் இருந்தது. கிருமிக்கு மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றார்.

ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏஜென்டுகள் இதைக் காட்டித்தான் எல்லாரையும் பயமுறுத்துகிறார்கள். சிடிஎச்1 என்ற மரபணு பிறவியிலேயே பழுதாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் இதைக் கண்டுபிடித்தார்கள். இளம் வயதிலேயே ஒருவர் பின் ஒருவராக இரைப்பைப் புற்றுநோயில் போய்க்கொண்டிருந்த குடும்பம் அது. அங்கே வருவது 'டிஃப்யூஸ்' வகை: மெட்டாபிளாசியா படியில் ஏறாமல், கட்டியாகத் திரளாமல், இரைப்பையின் உள்தோலுக்கு அடியில் பரவும். எண்டோஸ்கோப்பிக்கே தப்பிவிடும். அதனால் பழுது உறுதியானவர்கள் நோய் வருமுன் இரைப்பையையே அகற்றிக்கொள்வதும் உண்டு. வீட்டில் ஒருவருக்கு 50 வயதுக்குள் டிஃப்யூஸ் வகை வந்திருந்தாலோ, இருவருக்கு இரைப்பைப் புற்று வந்து அதில் ஒன்றாவது டிஃப்யூஸ் என்றாலோ, அதோடு 'லோபுலர்' வகை மார்பகப் புற்றும் இருந்தாலோ ரத்தப் பரிசோதனை அவசியம். அப்போதும் முதலில் நோய் வந்தவருக்கு எடுக்க வேண்டும், மரபியல் ஆலோசகர் வழியாக எடுக்க வேண்டும். அந்த ஆலோசகரைத் தேட நம் மாவட்டங்களில் எங்கே போவது என்று என்னைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்கள் பெரியப்பா ஒருவர், அதுவும் 70 வயதில். நீங்கள் இந்தக் கணக்கில் இல்லை.

நெதர்லாந்தில் பெரிய அளவில் பார்த்தபோது, மெட்டாபிளாசியா உள்ளவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேருக்குப் புற்று வந்தது. கடும் டிஸ்பிளாசியாவில் அது நூற்றுக்கு ஆறு. உங்களுக்கு டிஸ்பிளாசியா இல்லை.

செய்ய வேண்டியது கிருமியை ஒழிப்பது. பதினான்கு நாள், நாலு மருந்து. பிஸ்மத் இருந்தால் மலம் கறுப்பாகப் போகும், மெட்ரோனிடசோல் இருந்தால் வாயில் இரும்பு ருசி அடிக்கும். பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். எங்கள் அனுபவத்தில் கிருமி சாகாமல் போவது பெரும்பாலும் பாதியில் விட்டவர்களுக்குத்தான். மருந்து முடித்து நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பே, காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டபிரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். 'ரத்தத்திலேயே பார்க்கலாம்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கிருமி செத்தபிறகும் அந்த ரத்தப் பரிசோதனை மாதக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். அதைப் பார்த்து இரண்டாவது, மூன்றாவது கோர்ஸ் ஆன்டிபயாடிக் விழுங்கியவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

கிருமி போனபிறகு மெட்டாபிளாசியா பெரும்பாலும் அப்படியே நிற்கும், ஆனால் ஆபத்து குறையும். தென் கொரியாவில் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்று இருந்தவர்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2020இல் சொன்னார்கள்: கிருமிக்கு மருந்து எடுத்தவர்களிடம் புற்று பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. வீட்டில் புகையிலை போடுபவர் யாராவது இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். சதை எந்த இடத்தில், எத்தனை துண்டு எடுத்தார்கள்? இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று, மேற்பகுதியில் இரண்டு, இடவாரியாகத் தனித்தனி பாட்டிலில் அனுப்புவதுதான் முறை. எனக்கு வருகிற ரிப்போர்ட்டுகளில் பாதி 'இரண்டு துண்டு, ஒரே பாட்டில்' என்றுதான் இருக்கும். மாற்றம் கீழே மட்டும் என்றால் ஆபத்து குறைவு, இரைப்பை முழுக்கப் பரவியிருந்தால் அதிகம். பரவியிருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நல்ல எண்டோஸ்கோப்பி வேண்டும். ஒரே பாட்டிலில் போட்டபின் பரவியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. மெழுகில் பதித்த உங்கள் சதைத் துண்டு பரிசோதனைக் கூடத்தில் இருக்கும். டிஸ்பிளாசியா உண்மையிலேயே இல்லையா என்று இன்னொரு நோயியல் மருத்துவர் பார்த்துச் சொல்ல, அதையும் ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள். தரமாட்டோம் என்றால் எழுதிக் கேளுங்கள்.