ஒரே நாள்தான் ரத்தம் போனது, நின்றுவிட்டது... டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

சிறுநீரகம், சிறுநீர்ப்பை பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. போன மாதம் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி, எரிச்சல் எதுவும் இல்லை. மறுநாளே சரியாகிவிட்டது. இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், அதனால்தான் வந்திருக்கும் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால் "அதுதான் நின்றுவிட்டதே" என்கிறார்.

அம்மா, இந்த "நின்றுவிட்டதே"தான் வம்பு. சிறுநீர்ப்பையில் வரும் கட்டி பெரும்பாலும் உட்சுவரிலிருந்து பாசி மாதிரி நீட்டிக்கொண்டு வளரும், அதற்குள் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று உடைந்தால் ரத்தம் வரும், உறைந்து அடைத்துக்கொண்டால் நின்றுவிடும். கட்டி அப்படியே இருக்கும். அடுத்த முறை ரத்தம் வர ஆறு மாதம்கூட ஆகலாம், அந்த ஆறு மாதம் வீணாகப் போனதுதான் மிச்சம். வலி இல்லாததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் வலியில்லாமல் வரும் ரத்தத்தைப் பார்த்துத்தான் கூடுதலாகக் கவலைப்படுவோம், ஏனென்றால் கல்லும் கிருமித்தொற்றும் பொதுவாக வலியோடும் எரிச்சலோடும் வரும்.

மாத்திரை விஷயம். ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து, ஏற்கெனவே எங்கோ இருக்கும் புண்ணையோ கட்டியையோ சீக்கிரம் கசிய வைத்துக் காட்டிக்கொடுக்கலாம். அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது சரியல்ல. (மாத்திரையைத் தானாக நிறுத்திவிடவும் கூடாது, அது வேறு ஆபத்து.)

பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். இப்படி ரத்தம் வருபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. புராஸ்டேட் வீக்கம், கல், தொற்று என்று முடிந்துவிடும். ஆனால் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவும் வயிற்று ஸ்கேன் மட்டும் எடுத்து "நார்மல்" என்று வந்தால் போதாது, சின்னக் கட்டியும் சுவரோடு ஒட்டித் தட்டையாகப் படரும் வகையும் அதில் தப்பிவிடும். சிஸ்டோஸ்கோபி வேண்டும்: மரத்துப்போகும் ஜெல் போட்டு, சிறுநீர்த் துவாரம் வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு நேரடியாகப் பார்ப்பது. சில நிமிடங்கள்தான். ஓரிரு நாள் எரியும்.

அவர் புகைப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. புகைபிடிப்பதற்கும் நுரையீரலுக்கும் உள்ள தொடர்பு எல்லோருக்கும் தெரியும், சிறுநீர்ப்பையை யாரும் நினைப்பதில்லை. புகையிலுள்ள நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் அதை வடிகட்டி அனுப்ப, அந்தச் சிறுநீர் மணிக்கணக்கில் பையில் தேங்கி நிற்கிறது. இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம். சாயப்பட்டறை வேலையும் இதே வழியில்தான் கெடுதல் செய்கிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895ஆம் ஆண்டிலேயே சாயத் தொழிலாளர்களிடம் இந்தக் கட்டிகளைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

கேள்வி: சிறுநீர்ப்பைக் கட்டியை முழுசாகச் சுரண்டி எடுத்தாச்சு என்றார்கள். இப்போது ஒரு மாதம் கழித்து அதே ஆபரேஷனை மறுபடி செய்யணும் என்கிறார்கள். முதல் தடவை சரியாகச் செய்யவில்லையா, இல்லை காசுக்காகவா?

சந்தேகம் நியாயம்தான், ஆனால் பெரும்பாலும் இரண்டும் இல்லை. கட்டி பையின் தசைக்குள் இறங்கிவிட்டதா இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இறங்கவில்லை என்றால் பையை வைத்துக்கொண்டே வைத்தியம் பார்க்கலாம். கண்டுபிடிக்கும்போது நாலில் மூன்று பேர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். எடுத்த சதையில் தசைத்துண்டே இல்லாவிட்டாலோ, வீரியம் அதிகமான வகை என்று வந்தாலோ, சில வாரங்களில் அதே இடத்தை மறுபடி சுரண்டிப் பார்ப்பது முறையான வழி. பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "மாதிரியில் தசை இருந்ததா?" என்று கேளுங்கள்.

அப்புறம் பிசிஜி மருந்து போடலாம் என்பார்கள். ஆமாம், காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் அதே வீரியம் குறைத்த கிருமி. வாரம் ஒருமுறை, ஆறு வாரம், குழாய் வழியாகப் பைக்குள் விட்டு இரண்டு மணி நேரம் வரை அடக்கி வைக்க வேண்டும். அந்தக் கிருமியை விரட்ட வரும் உடம்பின் படை, மிச்சமிருக்கும் புற்றுச் செல்லையும் சேர்த்து அடிக்கிறது. கனடாவில் மொராலஸ் என்ற மருத்துவர் 1976இல் வெளியிட்ட வைத்தியம், இன்றும் இதைத்தான் முதலில் எடுக்கிறோம். முடிந்ததும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா பரிசோதனை. அலுப்பாக இருக்கும், விட்டுவிடாதீர்கள், திரும்பி வருவதில் இந்தக் கட்டி பேர்போனது.

கேள்வி: எனக்கு 68 வயது. கிரியாட்டினின் 1.4. என் மகனுக்கு 30 வயது, அவனுக்கும் 1.4 தான். அவனுக்கு ஒன்றுமில்லை என்றவர்கள் என்னை மட்டும் சிறுநீரக டாக்டரிடம் அனுப்புகிறார்கள். ஒரே எண்தானே?

எண் ஒன்றுதான், அம்மா, அர்த்தம் வேறு. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. தசை குறைவாக உள்ளவருக்கு உற்பத்தியே குறைவு. அதனால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று ஒரு கணக்குப் போடுகிறோம், அதுதான் ஈஜிஎஃப்ஆர். இப்போதைய சூத்திரத்தில் உங்கள் மகனுக்கு 69 வாக்கில் வரும், உங்களுக்கு 41. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். ஒருமுறை பார்த்ததை வைத்து முத்திரை குத்த மாட்டோம். மறுபடி பார்க்க வேண்டும், கூடவே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்றும் பார்க்க வேண்டும். (உங்கள் மகனும் அந்த அல்புமின் பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளட்டும்.)

41 என்றதும் டயாலிசிஸ் ஞாபகம் வந்து தூக்கம் போய்விடும், வேண்டாம். பிரஷர், சுகரைக் கட்டுக்குள் வைத்து, உப்பைக் குறைத்து, மூட்டுவலிக்குக் கண்ட வலிமாத்திரையை விழுங்குவதை நிறுத்தினால் பலர் பல வருடம் இதே நிலையில் ஓட்டிவிடுகிறார்கள். சுகருக்கு வந்த எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகள் சுகர் இல்லாதவர்களின் சிறுநீரகத்தையும் காப்பாற்றுகின்றன என்பது 2020க்குப் பிறகு உறுதியான விஷயம், உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். இன்னொன்று, சில பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறுவதை ஏற்றுக்கொள்ளலாம், பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி தசை வரை போய்விட்டது. ஈஜிஎஃப்ஆர் 38. புற்றுநோய் டாக்டர் "கிட்னி இப்படி இருந்தால் கீமோ கஷ்டம்" என்கிறார், கிட்னி டாக்டர் "முதலில் கட்டியைப் பாருங்கள்" என்கிறார். நடுவில் நாங்கள்.

முதலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வாங்குங்கள் தம்பி: 38 ஆனது எப்போது, எதனால்? சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் சிறுநீர்க்குழாயின் வாயைக் கட்டி அடைத்திருந்தால் சிறுநீர் பின்னால் தேங்கிச் சிறுநீரகம் வீங்கியிருக்கும், ஸ்கேனிலேயே தெரியும். அப்படியானால் உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தோ, முதுகுப்பக்கம் குழாய் போட்டோ வடித்துவிட்டால் சில வாரங்களில் அந்த எண் ஏறக்கூடும். அது ஏறிய பிறகு எடுக்கும் முடிவே வேறாக இருக்கும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுங்கள். ஐந்து வருடமாகவே 40ஐ ஒட்டி இருந்தால் அது அடைப்பு இல்லை, பழைய நோய்.

இந்த நிலைக்கு வழக்கமான கீமோ சிஸ்பிளாட்டின். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால் ஈஜிஎஃப்ஆர் 60 வாக்கில் இருந்தால்தான் தைரியமாகக் கொடுப்பார்கள், 50 வரை உள்ளவர்களுக்குச் சில இடங்களில் பிரித்துப் பிரித்துக் கொடுப்பதுண்டு. "கிட்னிக்குப் பாதுகாப்பானது" என்று கார்போபிளாட்டினை மாற்றிப் போட்டால் அது அதற்குச் சமமாகாது. அந்த எண் தேறவில்லையென்றால் நேரே அறுவைச் சிகிச்சைக்குப் போவதும் வழிதான், பையை எடுக்காமல் சுரண்டிவிட்டுக் கதிர்வீச்சும் அதோடு மருந்தும் கொடுப்பதும் வழிதான், எது ஒத்துவரும் என்பது கட்டியின் அளவையும் இடத்தையும் பொறுத்தது.

பையை எடுத்தால் குடலின் ஒரு துண்டைக் கொண்டு சிறுநீருக்கு வழி செய்வார்கள். உள்ளேயே புதுப் பை கட்டுவதுதான் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் குடல் சுவர் சிறுநீரிலுள்ள அமிலத்தைத் திரும்ப உறிஞ்சும், நலிந்த சிறுநீரகத்தால் அதைச் சமாளிக்க முடியாது. 38இலேயே நின்றுவிட்டால் வயிற்றில் வெளிப்பை வைக்கும் முறையைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள், அப்பாவை இப்போதே மெதுவாகத் தயார் செய்யுங்கள். இரண்டு டாக்டரையும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச வைக்க முடியுமா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள், அது நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய விஷயம்தான்.

கேள்வி: கிரியாட்டினினைக் குறைக்க ஒரு மூலிகைப் பொடி சாப்பிடுகிறேன். மூலிகைதானே, கெடுதல் வராதே?

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மருந்து சாப்பிட்ட 100க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. மருந்தில் ஒரு மூலிகைக்குப் பதிலாக ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடி கலந்துவிட்டது, அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம்தான் காரணம். அதோடு போகவில்லை. செயலிழந்த சிறுநீரகங்களையும் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடச் சம்மதித்த 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் இருந்தது. உங்கள் பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்றைக்கே நிறுத்திவிட்டு, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.