கேள்வி – பதில்: மணவிழா இசையில் விம்மல் எதற்கு?

கேள்வி: யூதர்களின் கிளெஸ்மர் இசைக்குழு ஒன்றின் பதிவைக் கேட்டேன். திருமண நடன இசை என்கிறார்கள். ஆனால் கிளாரினெட் விம்மி அழுவது போலிருக்கிறது. மகிழ்ச்சியான சடங்கில் இது ஏன்?

பதில்: உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. சுரம் முடியும் தறுவாயில் மேலே ஒரு கணம் தொட்டு, தொண்டை அடைத்தாற்போல் சட்டென்று அறுத்துவிடும் அந்த அசைவுக்குக் ‘கிரெக்ட்ஸ்’ என்று பெயர். யூதத் தொழுகைக்கூடங்களில் வழிபாட்டை முன்னின்று பாடுபவரின் குரலில் உள்ள தழுதழுப்பையே வயலினும் கிளாரினெட்டும் பின்பற்றுகின்றன.

இன்றைய போலந்து, உக்ரைன், மால்டோவா, ருமேனியா ஆகிய நாடுகளில் இத்திஷ் மொழி பேசி வாழ்ந்த யூதர்களின் திருமணத்தில் அழுகைக்கென்றே ஒரு கட்டம் இருந்தது. விதானத்தின்கீழ் மணம் நிகழ்வதற்கு முன் மணமகளை அமர்த்தி, ‘பத்கன்’ எனப்படும் விழாப்புலவர், அவள் விட்டுச்செல்லும் கன்னிப்பருவத்தையும் ஏற்கவிருக்கும் கடமைகளையும் எதுகையோடு சொல்லிச்சொல்லி அவளையும் சுற்றியிருந்த பெண்களையும் அழவைப்பார். வரிகளுக்கிடையே வயலின் இழையும். மணம் முடிந்ததும் அதே கலைஞர்கள் ‘ஃப்ரெய்லெக்ஸ்’ என்னும் விரைவான வட்ட நடனத்துக்கு வாசிப்பார்கள். ஆகவே விம்மலைச் சோகம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. இந்த இசைக்கு அது நம் கர்நாடக இசையில் சுரத்தை அசைத்து அழகூட்டும் கமகம் போன்றது, துள்ளல் மெட்டிலும் அது இல்லாமல் வாசித்தால் வெறும் பயிற்சிப்பாடமாகத்தான் ஒலிக்கும்.

இவர்கள் மிகுதியாகக் கையாளும் ‘ஃப்ரெய்கிஷ்’ என்னும் சுர அமைப்பின் சுரங்கள் பெரும்பாலும் நமது வகுளாபரணம் என்ற மேளகர்த்தா ராகத்தின் சுரங்களே. (இதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம்.) கேட்கத் தொடங்குபவர்கள் ‘டொய்னா’விலிருந்து தொடங்கலாம். ருமேனிய மேய்ப்பர்களின் இசையோடு தொடர்புடைய இதில் தாளக்கட்டு இல்லை. துணைக்கருவிகள் ஒரே சுரக்கூட்டை நீட்டிப் பிடித்திருக்க, ஒற்றைக் கருவி ஆலாபனை போல உலவிவிட்டு நடன மெட்டுக்குள் இறங்கும். பழைய குழுக்களில் வயலினே தலைமைக் கருவி. சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் ‘ட்சிம்பல்’ என்ற தந்திக்கருவி அதற்குத் துணை. கிளாரினெட் 19ஆம் நூற்றாண்டில்தான் மேலெழுந்தது. நியூயார்க்கில் கிளாரினெட் கலைஞர் நஃப்டுலே பிராண்ட்வைன் 1920களில் வாசித்த இசைத்தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். அத்தகைய முரட்டுத்தனம் பின்வந்தவர்களிடம் அரிது என்பது என் கருத்து.

கேள்வி: இதை யூதர்கள் மட்டும்தான் வாசிக்கிறார்களா?

பதில்: இல்லை. பழைய காலத்திலேயே ரோமா (ஜிப்சி) இனக் கலைஞர்கள் இவர்களோடு சேர்ந்து வாசித்து, மெட்டுகளைக் கொடுத்தும் வாங்கியும் இருக்கிறார்கள். நாஜிகளின் இன அழிப்பு இந்த இசையின் தாய்மண்ணையே வெறுமையாக்கியது. அமெரிக்காவிலோ குடியேறியவர்களின் பிள்ளைகள் ஜாஸ் பக்கம் போய்விட்டார்கள். 1970களில் அங்கே இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து மீண்டும் கற்றார்கள். போலந்தின் கிராக்கோவ் நகரில் 1988 முதல் நடைபெற்றுவரும் யூதப் பண்பாட்டு விழாவைத் தொடங்கியவர்களே யூதர்கள் அல்லர்.